மூளை மின்முனைக்கு எந்தப் பூச்சு: பிளாட்டினம் நானோ துகளா, பெடாட் பாலிமரா?

மூளைக்குள் வைக்கும் மின்முனை சிறிதாக இருந்தால் திசுவுக்குக் காயம் குறைவு. ஆனால் பரப்பு சுருங்கச் சுருங்க மின் எதிர்ப்பு ஏறும். நரம்பணுவின் மைக்ரோவோல்ட் அளவுச் சமிக்ஞை இரைச்சலில் அமுங்கிவிடும். அதற்குத்தான் பூச்சு.

பிளாட்டினம் நானோ துகள் பூசினால் வழுவழுப்பான உலோகம் மேடு பள்ளமாகி, உண்மைப் பரப்பு கூடுகிறது. மின்முனையால் மூளையைத் தூண்டும்போது, வெறும் பிளாட்டினம் ஒரு மின்துடிப்பில் பாதுகாப்பாகச் செலுத்தும் மின்னூட்டம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 முதல் 150 மைக்ரோகூலும்தான். சொரசொரப்பு அந்த வரம்பை உயர்த்தும். அடியிலும் மேலும் ஒரே உலோகம் என்பதால் புதுப் பொருள் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. கறுப்பான நுண்துகள் பிளாட்டினத்தைப் படியவைக்கும் பழைய ‘பிளாட்டினம் கறுப்பு’ முறையில் ஈய உப்பு சேர்ப்பார்கள், பூச்சும் எளிதில் உதிரும். லேசரால் திரவத்துக்குள் உருவாக்கிய துகள்களை மின்புலத்தால் படியவைத்தால் ஈயமே வேண்டாம்.

பெடாட் (PEDOT) என்ற மின்கடத்தும் பாலிமர் வேறு ரகம். அதன் பருமன் முழுக்க அயனிகள் போய்வரும். மெல்லிய படலமே மின் எதிர்ப்பை வெகுவாக இறக்கிவிடும். சமிக்ஞையைப் பதிவு செய்ய மட்டும்தான் என்றால் என் ஓட்டு இதற்கே. சிக்கல் ஒட்டுவதில்தான்: அயனிகள் ஏறி இறங்கும்போது படலம் உப்பிச் சுருங்கும், நாளடைவில் விரிசல் விட்டு உரியலாம். பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்துடிப்பு செலுத்தும் ஆழ்மூளைத் தூண்டலில் நொடிக்கு 130 துடிப்பு சாதாரணம். அதாவது ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேல். அங்கே நான் துகள் பூச்சைத்தான் எடுப்பேன், அதுவும் மெல்லிய அடுக்காக. தடித்தால் செருகும்போதே உதிரும்.

சரி, மின்முனையைச் சுற்றி, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்கள் கட்டும் வடு? அதை இரண்டுமே முழுதாகத் தடுப்பதில்லை.