சத்தமில்லாமல் விழுந்த அறை

எங்கள் ஊர்க் கூத்தில் நான் மத்தளம் அடிக்கிறவன். கோயில் திருவிழாவில் நாடகம் போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பபூனுக்கு அறை விழும் இடத்தில் வலந்தலையில், அதாவது மத்தளத்தின் வலப்பக்கத் தோலில், ஓங்கி ஒரு தட்டு. கை கன்னத்தில் படாது. சத்தம் என்னிடமிருந்து போகும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். 1924இல் வந்த ‘ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்’ என்ற ஊமைப்படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

விஞ்ஞானி ஒருவனின் ஆராய்ச்சியையும் மனைவியையும் ஒரு பிரபு அபகரித்துக்கொள்கிறான். அறிஞர் சபையில் நியாயம் கேட்டு நின்றவனுக்குக் கன்னத்தில் அறை. சபையே சிரிக்கிறது. மறுகா அவன் சர்க்கஸ் கோமாளி. அறை வாங்குவதே தொழில். குதிரை வித்தைக்காரி கொன்சுவேலோ மேல் அவனுக்குக் காதல். அவளுக்கோ கூட வித்தை காட்டும் பெசானோ மேல். அவளுடைய அப்பன் காசுக்காக அதே பிரபுவுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறான். முடிவைச் சொல்லமாட்டேன். ஒரு சிங்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பார்த்த பிரதியில் பியானோ ஓடிக்கொண்டே இருந்தது. கோமாளிகள் வரிசையாக வந்து அறையும் இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்த்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் இரவு பத்து மணி, வீட்டில் மின்விசிறி மட்டும்தான் கேட்டது. அறை விழுகிறது, ஆயிரம் வாய் சிரிக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் அடி வாங்குகிறவனின் கண் தெரிந்தது. இத்தனை வருசம் மத்தளத்தைப் பார்த்து அடித்தேனே தவிர, எங்கள் பபூனின் கண்ணை நான் பார்த்ததே இல்லை.

கோமாளியாக நடித்தவர் லோன் சேனி. அவருடைய அப்பா அம்மா இருவருமே காது கேளாதவர்கள். முகத்தாலும் கையாலும் பேசி வளர்ந்த பிள்ளை. அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. நோர்மா ஷியரர், ஜோன் கில்பர்ட் இருவரும் அழகு, ஆனால் அவர்கள் வயல்வெளியில் உட்கார்ந்து காதலிக்கும் பகுதி கொஞ்சம் இழுவை. இயக்கியவர் சுவீடன்காரர் விக்டர் ஷோஸ்ட்ரோம். ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படநிறுவனம் தொடங்கி முழுதாகத் தயாரித்த முதல் படமும் இதுதான்.

அமெரிக்காவில் காப்புரிமை முடிந்த படம், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். இடையில் வரும் ஆங்கில வசன அட்டைகளை மகளுக்கு நான்தான் தமிழில் வாசித்துச் சொன்னேன். கோமாளியின் சட்டையில் துணியால் செய்த இதயம் ஒன்று உண்டு. ஆட்டத்தில் பிய்த்து எறியப்படும் அதை, கொன்சுவேலோ ஊசி நூலெடுத்துத் தைத்துக் கொடுக்கிறாள். அந்த நேரம்தான் அவன் காதலைச் சொல்கிறான். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்து, விளையாட்டாக அவன் கன்னத்தில் தட்டுகிறாள்.

“அப்பா, அவளுக்கு விளங்கவே இல்லையா?” என்றாள் மகள். அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன்.