ஒசெல்லாரிஸா, பெர்குலாவா?

பினாங்கில் கடல்மீன் தொட்டி வைக்க விரும்புவோர், ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட இவ்விரு கோமாளி மீன்களுக்கிடையே தடுமாறுவது இயல்பே.

அடையாளம்: ஒசெல்லாரிஸின் பட்டைகளை ஒட்டிய கருங்கோடு மெல்லியது, பெர்குலாவுக்கு அது பெரும்பாலும் தடித்திருக்கும். ஆயினும் கோட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. முதுகுத்துடுப்பில் முன்னதற்குப் பொதுவாக 11 முட்களும் பின்னதற்கு 10 முட்களும் இருப்பினும், நீந்தும் மீனில் அவற்றை எண்ணுவது அரிது என்பதால், கண்மணியைச் சுற்றிப் பளிச்சென்ற ஆரஞ்சு வளையம் தெரிந்தால் அது பெர்குலாவாக இருக்கலாம் என்று கொள்ளலாம்.

வாழிடம்: ஒசெல்லாரிஸ் அந்தமான் கடலிலும் நம் தியோமான், ரெடாங் தீவுகளின் பவளப்பாறைகளிலும் கடற்சாமந்திகள் எனும் பூப்போன்ற கடல் விலங்குகளுக்கிடையே வாழ்கிறது, பெர்குலாவோ நியூகினி, சாலமன் தீவுகள், வடகிழக்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்கு உரியது.

விலை: ஒசெல்லாரிஸ் பொதுவாக மலிவு.

முதன்முறை வளர்ப்போருக்குப் பண்ணையில் பிறந்த ஒசெல்லாரிஸே ஏற்றது. அழுத்தமான நிறத்தை நாடும் அனுபவசாலிகள் பெர்குலாவைத் தேர்ந்தெடுக்கலாம்.