பழைய மோட்டோகிராஸ் பைக்குக்குக் கவர் பிரிக்காத ஒரிஜினலா, கழற்றியதா, வெளிக் கம்பெனியா?

ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர், 1974 மாடல், மண் தடத்தில் பந்தயம் ஓட்டுகிற பைக். மேஜையில் பிரித்துக் கிடந்தபோது எனக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, அந்தக் காலத்திலேயே தயாராகி இன்றுவரை கவர் பிரிக்காமல் யார் வீட்டு அலமாரியிலோ தூங்கிக்கொண்டிருந்த ஒரிஜினல் பார்ட்ஸ்; இதைப் பழைய ஸ்டாக் என்று சொல்கிறேன். அடுத்து, வேறொரு பைக்கிலிருந்து கழற்றிய ஒரிஜினல். அப்புறம், வெளிக் கம்பெனிகள் இப்போது புதிதாகச் செய்து விற்பவை. மூன்றையும் வாங்கிப் பார்த்தாயிற்று, ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டேன். ஓட்டுவதற்காக பைக்கைத் தயார் செய்கிறவருக்குத் தேய்கிற சாமான் எல்லாம் வெளிக் கம்பெனி, தேயாத சாமான் கழற்றிய ஒரிஜினல், இதுதான் என் கட்சி. இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுநிலையைத் தேடி யாரும் கடைசிவரை படிக்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். பழைய ஸ்டாக் விலை அதிகம், அளவு பிசகாது. கழற்றியது மலிவு, ஆனால் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். வெளிக் கம்பெனி சரக்கு சுலபமாகக் கிடைக்கும், தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தாலும் ஒரு முடிவுக்கும் வர முடியாது. நான் இப்போது ஒரு பார்ட்டைக் கையில் எடுத்தால் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதே பார்ட் இரண்டாவது தடவை வேண்டும் என்றால் கிடைக்குமா?

காரணம், இது கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கப்போகிற வண்டி இல்லை. மண்ணில் முறுக்கி ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனும் ரிங்கும் செருப்பு மாதிரி, தேய்வதற்கென்றே போடுவது. மறுபடி வாங்கித்தான் ஆக வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். இந்த வண்டியின் ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 64.4; ஆக 248 சிசி. உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு லைனர், அதாவது பிஸ்டன் உரசுகிற உள்சுவர்; தேய்ந்தால் போரிங் போட்டு, அதாவது அதைக் குடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றலாம். அதற்கு ஹோண்டா பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. 13101 என்று தொடங்கினால் ஸ்டாண்டர்டு பிஸ்டன், 13102 கால் மில்லி கூடுதல், 13103 அரை, 13104 முக்கால், 13105 முழு மில்லி. நடுவில் வரும் மூன்று இலக்கம் மாடலைச் சொல்லும். 357 என்றால் இந்த 250, 360 என்றால் இதன் தம்பி சிஆர்125எம். போட்டோவைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நடு மூன்றைப் பார்க்காதவர்கள்தான்.

போர் கேஜை விட்டு அளந்தபோது அதிகம் தேய்ந்த இடத்தில் 70.22 காட்டியது. அரை மில்லி ஏற்றினால் சுத்தமாகிவிடும். ஆனால் எனக்குச் சிக்கிய பழைய ஸ்டாக் பிஸ்டன் 13104. மஞ்சளித்த அட்டைப் பெட்டி, மூலை நைந்திருந்தது, உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பிஸ்டன், தலையில் 0.75 என்று முத்திரை. பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கால் மில்லி அதிகமாகப் போனால் என்ன குடிமுழுகிப்போகிறது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். போரிங் போடுகிறவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, இதே சைஸ்ல இன்னொரு செட் கையில இருக்கா?”

“இல்லண்ணே, ஒண்ணுதான் கிடைச்சது.”

“அப்ப அடுத்த தடவை?”

அடுத்த தடவையை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை ஒரு சீசனிலேயே வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கலகலவென்று ஒரு சத்தம். பிஸ்டனை வெளியே எடுத்தால் இன்டேக் (பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழி) பக்க ஸ்கர்ட்டில், அதாவது பிஸ்டனின் கீழ்ச்சுவரில், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. நகத்தால் இழுத்தால் தட்டியது, விரிசல்தான். சிலிண்டரில் சொல்லும்படியான தேய்மானம் இல்லை. உள்சுவரை லேசாகத் தேய்த்து (ஹோனிங்) அதே சைஸில் புதுப் பிஸ்டனைப் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அந்த அதே சைஸ்தான் எங்கேயும் இல்லை. நான் தேடிய வெளிக் கம்பெனி பிஸ்டனோ அரை மில்லி படியில்தான் வருகிறது, 0.50 விட்டால் 1.00. நல்ல சிலிண்டரை மறுபடி போரிங்குக்குக் கொடுத்து 71 மி.மீ. ஆக்கினேன். கணக்குப் போட்டால் இப்போது 255 சிசி. பந்தயத்தில் இறங்குகிறவர்கள் தங்கள் வகுப்பில் ஓவர்சைஸ் எவ்வளவு அனுமதி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே வெளிக் கம்பெனி 0.50 பிஸ்டனைப் போட்டிருந்தால் இரண்டாவது பிஸ்டனோடும் 70.50இலேயே ஓட்டிக்கொண்டிருப்பேன். லைனர் பென்சில் மாதிரி, சீவினால் சீவியதுதான். அபூர்வமான ஒரு பிஸ்டனுக்காக அரை மில்லி லைனரைத் தின்றுவிட்டேன்.

வெளிக் கம்பெனி பிஸ்டன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றும் சொல்ல மாட்டேன். சிஆர்250எம் பிஸ்டன் போர்ட் எஞ்சின், அதாவது இன்டேக்கில் ரீட் வால்வு என்கிற தகட்டுக் கதவு கிடையாது; இன்டேக் எப்போது திறக்க வேண்டும் என்பதை ஸ்கர்ட்டின் அடி விளிம்புதான் முடிவு செய்கிறது. ஸ்கர்ட் ஒரு மில்லி குட்டையாக இருந்தால்கூட இன்டேக் முன்னாடியே திறந்து பின்னாடி மூடும், வண்டியின் குணமே மாறிவிடும். அதனால் பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, பிஸ்டன் பின் துளையிலிருந்து தலைவரையும், துளையிலிருந்து ஸ்கர்ட் அடிவரையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். ரிங் முனைகளைப் பிடித்து வைக்கிற சின்ன ஊசி, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டின் ஜன்னலுக்கு நேராக வருகிறதா என்பதும் முக்கியம். வந்தால் ரிங் முனை அதில் சிக்கி உடையும்.

இன்னொன்று, உருக்கி ஊற்றிய வார்ப்பு பிஸ்டனா, அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டனா என்பது. ஃபோர்ஜ்டு உறுதியானது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் சிலிண்டருக்கும் அதற்கும் இடைவெளி கூடுதலாக வேண்டும். பழைய சர்வீஸ் மேனுவலில் இருக்கிற இடைவெளி அந்தக் காலத்து வார்ப்பு பிஸ்டனுக்கு எழுதியது. அதைப் படித்து ஃபோர்ஜ்டு பிஸ்டனைப் பொருத்தினால் எஞ்சின் சீஸ் ஆக, அதாவது பிஸ்டன் பிடித்துக்கொள்ள, நாள் பார்க்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும், போரிங் போடுகிறவரிடம் பிஸ்டனோடு அந்தத் தாளையும் கொடுங்கள். போர்ட் விளிம்புகளைச் சரித்துவிடச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

ரப்பர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய ஸ்டாக் ஆயில் சீல் பார்க்கப் புதுசுதான், ஐம்பது வருடம் கவருக்குள்ளேயே கிழடாகியிருக்கும். ஒன்றைப் பிரித்து உதட்டை விரலால் வளைத்துப் பார்த்தேன், நகத்தை வளைப்பது போலிருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் கசிந்தால் எண்ணெய் சிந்துவதோடு போகாது. வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் எழுதியிருக்கும். அந்த அளவைச் சொல்லிப் புது சீல் வாங்கலாம், எந்த வண்டி என்று சொல்லக்கூடத் தேவையில்லை. பேரிங்கும் அப்படித்தான், மேலே உள்ள எண்ணும் சி3 போன்ற இடைவெளிக் குறியும் ஒத்துப்போனால் போதும். எஞ்சினை மூடியதும் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி 6 நிமிடம் விட்டுப் பாருங்கள், காற்று நின்றால்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

கழற்றிய ஒரிஜினலுக்கு வருவோம். கியர், ஷிஃப்ட் டிரம், கிக் கியர், ஹப், பிரேக் பிளேட் இதெல்லாம் வெளிக் கம்பெனிகள் அதிகம் தொடாத சாமான்கள், இங்கே பழசுதான் கதி. அதில் தப்பும் இல்லை. நல்ல எஃகு கியர் அலமாரியில் இருந்தாலும் வண்டியில் இருந்தாலும் எஃகுதான். கியரின் பக்கவாட்டுப் பற்களின் மூலை கூர்மையாக இருந்தால் வாங்குங்கள், உருண்டிருந்தால் ஓட்டும்போது கியர் நழுவும். கிளட்ச் பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட் பட்டுக் குழி விழுந்திருந்தால், குழி மேலாக இருக்கிறவரை அரம் போட்டுச் சமன் செய்துவிடலாம். இந்த மாடலின் அலுமினிய டேங்க்கைப் பொறுத்தவரை நெளிசல் இருந்தாலும் ஒரிஜினலையே தேடுங்கள், நெளிசலைத் தட்டி எடுக்க ஆள் உண்டு. மட்கார்டுக்கு மட்டும் பழசு வேண்டாம், நொறுங்கிவிடும்.

கார்புரேட்டர் கிட் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லா ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடுகிற துளைத் திருகு) ஊசியும் கேஸ்கெட்டும் ஒரே பையில் வருகிற, பெயர் தெரியாத கிட் ஒன்றை வாங்கினேன். மெயின் ஜெட்டில் எண் சரியாக இருந்தது, துளைதான் எண்ணுக்குப் பொருந்தவில்லை. கேஸ்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய ஜெட்டையே கழுவிப் போட்டேன். ஜெட் மாற்ற வேண்டுமென்றால் கார்புரேட்டர் செய்த கம்பெனியின் ஜெட்டையே வாங்குங்கள். இந்த வண்டியில் இருப்பது கெய்ஹின், மிகுனி எண்ணை அதில் பொருத்திப் பார்க்காதீர்கள், இரண்டுக்கும் கணக்கு வேறு.

பழைய ஸ்டாக்குக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. சைடு கவர், பேட்ஜ், லீவர் மாதிரி ஒருமுறை மாட்டினால் அப்படியே இருக்கிற சாமான்களுக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. கண்காட்சிக்கு வைக்கிறவர்கள் நான் சொன்னதையெல்லாம் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். விற்கும்போது ஒரிஜினல் பார்ட்ஸுக்கு மதிப்புக் கூடும் என்கிறார்கள், கூடலாம். நான் இதுவரை ஒரு வண்டியைக்கூட விற்றதில்லை. கழற்றியதையெல்லாம் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பின்னால் வந்த, லைனருக்குப் பதில் உள்சுவரில் உலோகப் பூச்சு போட்ட பிளேட்டிங் சிலிண்டர்களில் என் வாதம் இவ்வளவு பலமாக நிற்காது. அதைத் திரும்ப பிளேட்டிங் செய்து ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவந்துவிடலாம், லைனர் குறைகிற கவலை இல்லை. ஆனால் அந்த மாதிரி எஞ்சினை நான் பிரித்ததில்லை. மைக்கோ என்ற ஜெர்மன் பைக் வைத்திருப்பவர்களின் நிலைமையும் வேறு. அந்தக் கம்பெனி 1983இல் திவாலாகிவிட்டது, பழைய ஸ்டாக் நாளுக்கு நாள் குறையத்தான் செய்யும்.

என் வண்டியில் இப்போது 1.00 ஓடுகிறது. அதே சைஸில் இன்னும் இரண்டு பிஸ்டனும் நாலு செட் ரிங்கும் வாங்கி வைத்துவிட்டேன். அதுவும் தீர்ந்தால் 1.50 ஏற்றுவதா, லைனரையே மாற்றி 70க்குத் திரும்புவதா என்று போரிங் போடுகிறவரிடம் கேட்டேன். லைனரை இப்போதே வாங்கிக்கொண்டு வந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.