மெனோட்டியா, பிலார்டோவா?

அர்ஜென்டினாவுக்கு முதல் கால்பந்து உலகக் கோப்பையை 1978இல் வாங்கிக் கொடுத்தவர் செசார் லூயிஸ் மெனோட்டி. இரண்டாவதை 1986இல் வாங்கிக் கொடுத்தவர் கார்லோஸ் பிலார்டோ. முன்னவர் 1974 முதல் 1982 வரையிலும், பின்னவர் 1983 முதல் 1990 வரையிலும் தேசிய அணியின் பயிற்சியாளர்கள். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அழகாக ஆடு என்பவர் மெனோட்டி, எப்படியாவது ஜெயி என்பவர் பிலார்டோ என்று அந்த நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று பல பத்தாண்டுகள் சண்டை போட்டது. சண்டை சுவாரசியமானதுதான். ஆனால் அந்தப் பிரிவினையை அப்படியே நம்பினால் இருவருமே நமக்குப் பிடிபட மாட்டார்கள்.

வந்த வழி வேறு என்பது உண்மை. மெனோட்டி ரொசாரியோக்காரர், பெலே ஆடிய சாண்டோஸ் அணியிலும் கொஞ்ச காலம் ஆடியவர். 1973இல் ஹுராகான் என்ற நடுத்தரக் கிளப்பைப் பந்தைக் கொஞ்சி விளையாட வைத்து சாம்பியன் ஆக்கினார். பிலார்டோ மருத்துவப் பட்டம் பெற்றவர். ஒஸ்வால்டோ சுபெல்டியா உருவாக்கிய எஸ்டூடியான்டஸ் அணியின் நடுக்கள வீரராக 1968, 1969, 1970 என மூன்று ஆண்டு தொடர்ந்து தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபர்டடோரஸ் கோப்பையை வென்றவர். ஃப்ரீகிக், கார்னர், ஆஃப்சைடு பொறி எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒத்திகை பார்த்த அணி அது. எதிராளியைச் சீண்டி நிதானமிழக்க வைப்பதிலும் பேர்போனது.

மெனோட்டியின் பெரிய சாதனை மைதானத்தில் நடந்ததல்ல என்பேன். 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து 4-0 என்று அர்ஜென்டினாவைத் துவைத்து எடுத்த பிறகு பொறுப்பேற்றவர் அவர். அதுவரை தேசிய அணி கிளப்புகளின் காலடியில் கிடந்தது. தேசிய அணிக்கே முதலிடம் என்று நாட்டின் கால்பந்துச் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். தலைநகரைத் தாண்டி உள்மாகாணங்களிலும் ஆட்களைத் தேடினார். 1978 அணியின் 22 பேரில் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடியவர் வலென்சியாவின் மரியோ கெம்பஸ் மட்டும்தான். 17 வயது மரடோனாவைக் கடைசி நேரத்தில் விலக்கினார். அடுத்த ஆண்டே அதே மரடோனாவோடு டோக்கியோவில் இளையோர் உலகக் கோப்பையை வென்றார்.

ஆனால் 1978 அணி அவ்வளவு கனவு அணியா? நெதர்லாந்துடனான இறுதி ஆட்டத்தில் எதிரணியை மைதானத்தில் காத்திருக்க வைத்துவிட்டுத் தாமதமாக இறங்கினார்கள். நெதர்லாந்து வீரர் ரெனே வான் டெ கெர்கோஃப் கையில் கட்டியிருந்த மாவுக்கட்டைக் காட்டித் தகராறு செய்தார்கள். பிலார்டோ செய்திருந்தால் இதையே அவருடைய குணத்துக்குச் சான்றாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூடுதல் நேரத்தில் 3-1 என வென்றது கெம்பஸின் திறமையால் மட்டுமல்ல, மூச்சு வாங்காமல் ஓடிய உடல் வலுவாலும்தான். பெருவை 6-0 என்று வென்றதன் மேல், விலைபேசி முடித்த ஆட்டமோ என்று விழுந்த சந்தேகம் இன்னும் போகவில்லை. இடதுசாரியான அவர் விடேலாவின் இராணுவ ஆட்சிக்குக் கோப்பையை வென்று கொடுத்ததும், இறுதி ஆட்டம் நடந்த மைதானத்துக்குச் சற்றுத் தள்ளியே சித்திரவதை முகாம் இயங்கியதும் எந்த விளக்கத்தாலும் அழியாதவை.

பிலார்டோவிடம் இப்படி நீண்ட திட்டமெல்லாம் கிடையாது. 1986 உலகக் கோப்பைக்கு மெக்சிகோ போகும் முன் அவரை நீக்க அதிபர் அல்ஃபோன்சின் அரசிலேயே முயற்சி நடந்தது. அவருடைய பலம் அடுத்த ஆட்டம். அதற்கடுத்த ஆட்டத்தைப் பற்றிக் கூடக் கவலைப்படாத அளவுக்கு அடுத்த ஆட்டம். 1986இல் உருகுவேக்கு எதிராக ஒரே கோலை அடித்து வெல்ல வைத்தவர் பெட்ரோ பாஸ்குல்லி. அடுத்து இங்கிலாந்துடன் ஆட்டம். கோல் அடித்தவரை உட்கார வைத்துவிட்டு, நடுக்களத்துக்கு எக்டர் என்ரிகேயைக் கொண்டுவந்தார். பின்னால் மூவர், நடுவில் ஐவர், முன்னால் மரடோனாவும் வால்டானோவும். இறுதி ஆட்டத்தில் அதே வால்டானோ மேற்கு ஜெர்மனி வீரர் பிரீகலைத் துரத்திக்கொண்டே ஒரு கோலும் போட்டார். முதல் கோலைத் தலையால் முட்டியவர், அப்போது கிளப்பே இல்லாதிருந்த தடுப்பாட்டக்காரர் ஹோசே லூயிஸ் பிரவுன். 3-2 என்று கோப்பையை வென்ற பிறகும், கார்னரிலிருந்து இரண்டு கோல் விட்டுவிட்டோமே என்று பிலார்டோ குமைந்தார். அவரை எனக்குப் பிடித்துப்போன இடம் அதுதான்.

மரடோனாவைத் தலைவராக்கி, மற்ற பத்துப் பேரும் அவருக்காக உழைக்கட்டும் என்று விட்டவரும் இந்தக் கண்டிப்பான மருத்துவர்தான். கால்பந்து கண்ட மிக அழகான கோல், இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்டது, அவருடைய அணியில்தான் பிறந்தது.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சரியான இடம், பட்டத்தைத் தக்கவைக்கப் போன தொடர்கள். 1982இல் மெனோட்டி பெல்ஜியத்திடமும், 1990இல் பிலார்டோ கேமரூனிடமும் தொடக்க ஆட்டத்திலேயே 1-0 எனத் தோற்றார்கள். மெனோட்டியின் அணி இத்தாலியிடமும் பிரேசிலிடமும் தோற்று இரண்டாம் சுற்றோடு வீடு திரும்பியது. காயமும் தடையும் வாட்டிய பிலார்டோவின் அணியோ ஏழு ஆட்டங்களில் வெறும் ஐந்து கோல்களோடு, கோல்கீப்பர் கோய்கோச்சியாவின் பெனால்டித் தடுப்புகளை நம்பி இறுதி வரை ஊர்ந்து போய், மேற்கு ஜெர்மனியிடம் ஒரு பெனால்டி கோலில் தோற்றது. பார்க்கச் சகிக்காத ஆட்டம்தான். ஆனாலும் ஒரே ஒரு தொடருக்கு ஆள் வேண்டுமென்றால் நான் பிலார்டோவைத்தான் கூப்பிடுவேன். எட்டு ஆண்டு அவகாசம் இருந்தால் மெனோட்டியை.

தென்னமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்காவை இருவருமே வென்றதில்லை. தேசிய அணியை விட்ட பிறகு கிளப்புகளிலும் பெரிதாக ஒன்றுமில்லை: மெனோட்டிக்கு பார்சிலோனாவில் 1983 கோபா தெல் ரே எனும் ஸ்பெயின் கோப்பை, பிலார்டோவுக்கு மரடோனாவோடு ஸ்பெயின் கிளப்பான செவியாவில் ஒரு கொந்தளிப்பான பருவம்.

பிற்காலத்தில் இருவரும் தேசிய அணிகளின் நிர்வாகப் பொறுப்புக்குத் திரும்பினார்கள். பிலார்டோ இருந்தபோது 2014இல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2019இல் மெனோட்டி வந்த பின் 2022இல் கோப்பை. மெனோட்டி கட்சியினர் இதையும் அவர் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். நான் எழுத மாட்டேன். நெதர்லாந்துக்கு எதிராகப் பின்களத்தில் ஐவர், இறுதி ஆட்டத்தில் இடது ஓரத்தில் டி மரியா என்று எதிராளிக்கேற்ப அணியை மாற்றிக்கொண்டே போன 2022 பயிற்சியாளர் ஸ்கலோனியின் வேலையில் எனக்குத் தெரிவது பிலார்டோவின் கைவரிசை.