பழைய ஸ்டிக்கரை எடுக்க ஹேர் டிரையரா, ரப்பர் வீலா?

வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் வளைகிற பதத்தில் இருந்தால் டிரில் மெஷினில் ரப்பர் வீல் (அழிரப்பர் போலத் தேய்த்து எடுக்கும் சக்கரம்) மாட்டுகிற வேலையே தேவையில்லை, ஹேர் டிரையர் போதும். சூட்டில் பசை இளகியதும் ஓரத்தை நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ கிளப்பி, நேராக மேலே தூக்காமல் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுத்தால் பெரிய துண்டாகவே வரும். ஹீட் கன் வேண்டாம், கொஞ்சம் அசந்தால் பெயின்ட் கொப்பளித்துவிடும். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி. தின்னர் பக்கமே போகாதீர்கள், டச்சப் செய்த இடத்தில் பெயின்டையே கரைத்துவிடும்.

ஆனால் பல வருட வெயிலில் மொறுமொறுவென்று ஆன ஸ்டிக்கர் பொடிப்பொடியாகத்தான் உடையும், அங்கே ரப்பர் வீல்தான். ஸ்டிக்கர், பசை இரண்டையும் சேர்த்தே தேய்த்து எடுத்துவிடும். ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் உராய்வுச் சூட்டில் கிளியர் கோட் (பெயின்ட் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சு) கெட்டுப்போகும், அதனால் குறைந்த வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தூள் கண்டபடி பறக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ரீபெயின்ட் அடித்த வண்டிக்கும் பிளாஸ்டிக் பம்பருக்கும் நான் வீலைச் சொல்லவே மாட்டேன்.

எதில் எடுத்தாலும் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாகத் தெரியும், பாலிஷ் போட்டால் ஓரளவு சமமாகும்.

அப்புறம், பைக் டேங்க் என்றால் முதலில் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பே தட்டுப்படாவிட்டால் ஸ்டிக்கர் பெரும்பாலும் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கும், இரண்டு வழியும் உதவாது, சாண்ட் பேப்பர் போட்டு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.