ஹீலருக்கான ஆட்ஆன்கள்: பல வருட ஆட்டத்துக்குப் பின் என் திரையில் மிஞ்சியவை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் ஹீலராக, அதாவது குழுவினரின் உயிரைக் காப்பவராக, ஆடுபவருக்குக் கண் பெரும்பாலும் ஒவ்வொருவரின் உயிரளவையும் காட்டும் பெட்டிகள் மேல்தான் இருக்கும். டன்ஜன் என்ற சின்னக் குழுச் சண்டையில் 5 பெட்டி, மிகக் கடினமான பெரிய குழுச் சண்டையான மிதிக் ரெய்டில் 20. யாருக்கு உயிர் குறைகிறது, யார் மேல் என்ன விஷம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான் தெரியும். அதனால் ஹீலருக்கு ஆட்ஆன் (ஆட்டத்தோடு சேர்த்து நிறுவும் துணை நிரல்) என்றாலே முதலில் இந்தப் பெட்டிகளைக் காட்டும் ரெய்டு பிரேம்தான். ஹீல்பாட், வூடூ, கிரிட்2, செல் என்று நான்கையும் நீண்ட காலம் வைத்து ஆடியிருக்கிறேன், பெரும்பாலும் ரெஸ்டோ ட்ரூயிடாக (ஹீல் செய்யும் ட்ரூயிட் வகை). எதை நிறுவலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நான்கும் நல்லவை, நான்கும் இலவசம். ஆனால் நிறுவிய பிறகு உள்ளே எதையெல்லாம் அணைத்து வைக்கிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் ஹீலிங் மாறும்.

முதலில் கிளிக்காஸ்டிங். ஆளைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஸ்பெல்லை அழுத்துவது இரண்டு வேலை. பெட்டி மேல் மவுஸை வைத்து நேரடியாக ஸ்பெல்லைப் போட்டால் அது ஒரே வேலை. க்ளீக் என்ற சின்ன ஆட்ஆன் இதை எந்த பிரேமிலும் செய்து தரும். வூடூவுக்கும் செல்லுக்கும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இப்போது ஆட்டத்திலேயே வந்துவிட்டது. மவுஸ் பொத்தான்களோடு ஷிஃப்ட், கண்ட்ரோல் சேர்த்து எல்லா ஸ்பெல்லையும் மவுஸிலேயே அடுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. வலது பொத்தானில் ஸ்பெல் இருந்தால், மவுஸ் பெட்டி மேல் இருக்கும்போது கேமராவைத் திருப்ப முடியாது. ஓடிக்கொண்டே ஹீல் செய்யும் ட்ரூயிடுக்கு அது பெரிய இடைஞ்சல். விசைப்பலகையில் மவுஸ்ஓவர் முறையில் (மவுஸ் யார் மேல் இருக்கிறதோ அவருக்கே ஸ்பெல் போகும்) ஸ்பெல்களை வைத்துக்கொண்டு, மவுஸை ஆளைக் காட்ட மட்டும் பயன்படுத்துவது என் கைக்குப் பழகிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆட்ஆன் நமக்காக ஹீல் செய்வதில்லை. ஆரம்ப காலத்தில் டிகர்சிவ் மாதிரி ஆட்ஆன்கள் ஆளையும் ஸ்பெல்லையும் தாமே தேர்ந்தெடுத்துவிடும். ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் போதும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பேட்ச் அதை நிறுத்தியது. போரின் நடுவே ஆட்ஆன் இலக்கை முடிவு செய்ய முடியாது, பெட்டிகளை இடம் மாற்றவும் முடியாது. நல்ல விதி அது. முடிவு நம்முடையது, ஆட்ஆன் அதற்கு வேண்டிய தகவலைக் காட்டினால் போதும்.

அந்தத் தகவல் எவ்வளவு வேண்டும்? இங்கேதான் பலரும் பெட்டியை நிரப்பிவிடுகிறார்கள். மிட்நைட் விரிவாக்கத்துக்கு முன் நான் வைத்திருந்த அமைப்பைச் சொல்கிறேன். என் பெட்டியில் மேல் இடது மூலையில், சில விநாடி தொடர்ந்து உயிர் ஏற்றும் லைஃப்புளூம் ஸ்பெல்லுக்கு ஒரு சின்னப் பச்சைச் சதுரம். லைஃப்புளூம் 15 விநாடி ஓடும். கடைசி 4.5 விநாடிக்குள் புதுப்பித்தால் மிச்ச நேரமும் வீணாகாது, புளூமும் வெடித்துக் கூடுதல் ஹீல் கிடைக்கும். எனவே அந்த 4.5 விநாடியில் சதுரம் ஆரஞ்சு நிறமாக மாறும்படி வைத்திருந்தேன். எண் ஓடாது, வட்டம் சுழலாது. பச்சை என்றால் விடு, ஆரஞ்சு என்றால் போடு. எண்ணைப் படிக்கக் கண் ஒரு கணம் நிற்க வேண்டும்; நிறத்தை ஓரக்கண்ணிலேயே பிடித்துவிடலாம்.

வலது மூலையில் அதே வகை ஸ்பெல்லான ரெஜுவனேஷன், வெறும் புள்ளி. ஸ்விஃப்ட்மெண்ட் என்ற உடனடி ஹீலைப் போட அந்த ஆள் மேல் ஏற்கெனவே ஒரு ஹாட் (இப்படி நேரம் செல்லச் செல்ல உயிர் ஏற்றும் ஸ்பெல்) இருக்க வேண்டும் என்பதால் அது தேவை. பலர் மேல் ஒரே சமயம் விழும் வைல்ட் குரோத்துக்கு அடையாளமே இல்லை. அது யார் மேல் விழும் என்பதை ஆட்டமே தீர்மானிக்கிறது. அதைப் பார்த்து நான் மாற்றிச் செய்யப்போவது எதுவும் இல்லை. ஒவ்வொரு அடையாளத்தையும் இப்படித்தான் சோதிப்பேன்: இது தெரிந்தால் என் அடுத்த ஸ்பெல் மாறுமா? மாறாது என்றால் அது பெட்டியில் இருக்க வேண்டியதில்லை.

டிபஃப், அதாவது ஆள் மேல் ஏறும் தீய விளைவு, விஷயத்தில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அதை நீக்கும் டிஸ்பெல்லுக்கு 8 விநாடி கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரம்) இருக்கிறது. தப்பான ஆளுக்குப் போட்டால் அடுத்த 8 விநாடி கை கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ட்ரூயிடால் மேஜிக், சாபம், விஷம் ஆகியவற்றை எடுக்க முடியும், நோயை முடியாது. எடுக்கக்கூடியவை வந்தால் மட்டும் பெட்டியின் ஓரம் முழுவதும் நிறம் மாறும்படி வைத்திருந்தேன். மற்ற டிபஃப்களில், அந்த பாஸ் சண்டையில் ஆளைக் கொல்லக்கூடிய இரண்டு மூன்று மட்டும் நடுவில் பெரிய ஐகானாக வந்தன. மீதி எல்லாம் காட்டவே கூடாத கறுப்புப் பட்டியலில்.

அப்புறம், இடம். பலர் பெட்டிகளைத் திரையின் இடது ஓரத்தில் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அவை கதாபாத்திரத்தின் காலுக்குச் சற்றுக் கீழே, நடுவில் இருக்க வேண்டும். தரையில் விழும் நெருப்பு வட்டமும் குழுவின் உயிரும் ஒரே பார்வையில் அடங்கும். ஹீலர் செத்துவிட்டால் மற்ற எதற்கும் அர்த்தமில்லையே. பெட்டிகளை உயிர் அளவுப்படி வரிசைப்படுத்தாமல் குழு வாரியாக நிலையாக வைத்தால், சில வாரங்களில் டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்) எங்கே என்று தேடாமலே கை போய்விடும்.

நான்கில் எது என்றால், வூடூவில் செய்ய முடியாததே இருந்ததில்லை, ஆனால் அமைப்புகளுக்குள் நுழைந்தால் வெளியே வர ஒரு மாலை ஆகும். ஹீல்பாட் புதியவருக்கு எளிது, தோற்றம் பழசு. கிரிட்2 லேசானது. செல்லில் தளவமைப்பு ஆள் எண்ணிக்கைக்கேற்பத் தானாக மாறுவது எனக்கு மிகவும் பிடித்தது. டன்ஜனுக்குப் பெரிய பெட்டி, ரெய்டுக்குச் சின்னது. எதை வைத்தாலும், அமைத்து முடித்ததும் ரீலோடு கட்டளையை ஒருமுறை கொடுங்கள். வெளியேறும்போதோ ரீலோடு செய்யும்போதோதான் அமைப்புகள் வட்டில் எழுதப்படும். நடுவில் ஆட்டம் முடங்கினால் உழைப்பு அத்தனையும் போகும்.

மிட்நைட் விரிவாக்கத்தோடு இந்த உலகம் மாறியிருக்கிறது. போர்த் தகவலை ஆட்ஆன்கள் காட்டலாம், ஆனால் அதை வைத்துக் கணக்கிட்டு முடிவெடுக்க முடியாதபடி ஆட்டத்தைத் தயாரிக்கும் பிளிசார்ட் கட்டுப்படுத்தப்போவதாக 2025இல் அறிவித்தது. நம் விருப்பப்படி அடையாளங்களை அமைக்க உதவிய வீக்ஆராஸ் ஆட்ஆனின் குழுவும் மிட்நைட்டுக்குப் பதிப்பு வராது என்று சொல்லிவிட்டது. என் ஆரஞ்சுச் சதுரம் போன்றவை சார்ந்திருந்தது அந்தக் கணக்கைத்தான். அது எனக்கு வருத்தம்தான். பெட்டியின் அளவு, இடம், வரிசை, விசைகள் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

புதிதாக ஹீலராக வருபவர் ஆட்டத்தின் சொந்த பிரேமிலேயே தொடங்கலாம். எடிட் மோடில் (திரையில் உள்ளவற்றை இடம் மாற்றும் வசதி) அதை நடுவுக்கு இழுத்துவிட்டு, கிளிக்காஸ்டிங்கை அமைத்துக்கொண்டு, ஃபாலோவர் டன்ஜனுக்குள் போங்கள். 2024 தொடக்கத்தில் வந்த வசதி அது. மற்ற நால்வரையும் கணினியே ஆடும், அவசரப்படுத்த யாரும் இல்லை. இடையிடையே நிறுத்திப் பெட்டியை நகர்த்துங்கள், விசையை மாற்றுங்கள், ஓர் அடையாளத்தை அணைத்துவிட்டு அடுத்த எதிரிக் கூட்டத்தோடு சண்டையைத் தொடங்க விடுங்கள். அது இல்லாததே உங்களுக்கு உறைக்கவில்லை என்றால் அணைத்தபடியே விட்டுவிடலாம்.