கொக்குவில் பக்கத்து மிருக வைத்தியரும் எங்கள் ஜிம்மியின் முழங்காலும்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு வீட்டின் முன் விறாந்தையில் நடக்கிற சின்ன கிளினிக் இது. டொக்டருக்குப் பகலில் அரச வேலை என்பதால் பின்னேரம்தான் திறக்கும்.

எங்கள் நாய் ஜிம்மிக்கு எட்டு வயது, 14 கிலோ. வளவுக்குள் ஓடிவிட்டு வலது பின்காலைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதலில் காட்டிய இடத்தில் காலைத் தொட்டும் பார்க்காமல் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நொண்டல் மாறவில்லை.

இந்த டொக்டர் அவனை உடனே மேசையில் ஏற்றவில்லை. "அன்ரி, கேற் மட்டும் நடத்திக்கொண்டு போங்கோ, பாப்பம்" என்றார். நடையைப் பார்த்தார். பிறகு இருக்க வைத்துப் பார்த்தார். ஜிம்மி அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருந்தான். அதற்குப் பிறகுதான் மேசை. ஒரு கையால் தொடை எலும்பையும் மற்றக் கையால் கீழ் எலும்பையும் பிடித்து மெல்லத் தள்ள, கீழ் எலும்பு முன்னால் வழுக்கி வந்தது எனக்கே தெரிந்தது. முழங்காலுக்குள் இரண்டு எலும்பையும் இணைத்துப் பிடிக்கிற லிகமன்ட் என்ற நார் அறுந்திருக்கிறது.

"எனக்கும் இதேதான் அன்ரி" என்று சுவரைக் காட்டினார். துரையப்பா விளையாட்டரங்கில் எடுத்த கல்லூரி உதைபந்தாட்ட அணியின் படம். உயர்தரம் படிக்கும்போது வலது விங்கில் விளையாடியவராம். ஒரு மச்சில் காலை ஊன்றித் திரும்பும்போது அறுந்திருக்கிறது. வீக்கம் வற்றியதும் திரும்ப இறங்கியிருக்கிறார், அதோடு பந்து முடிந்தது. பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம்.

விளையாட்டுக்காரருக்கு ஒரே திருப்பத்தில் அறுகிற லிகமன்ட், நாய்களுக்குப் பெரும்பாலும் கிணற்றுக் கயிறு மாதிரி உள்ளுக்குள்ளே நைந்து வந்துதான் ஒருநாள் அறுமாம். அதனால் மற்றக் காலையும் கவனிக்கச் சொன்னார். பெரிய நாய் என்றால் சத்திர சிகிச்சைதான் நல்லது, பேராதனை மிருக போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவேன் என்றார். ஜிம்மியின் நிறைக்கு ஓய்விலேயே தேற வாய்ப்பு உண்டு. எட்டுக் கிழமை சங்கிலியில்தான் நடை, படி ஏறக்கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது, நாய்க்கு இரைப்பையும் சிறுநீரகமும் கெட்டுவிடும் என்று இரண்டு தரம் சொன்னார்.

"நோ குறைஞ்சவுடன ஓடப் பாப்பான். அப்பதான் இறுக்கிப் பிடிக்கோணும். நான் அந்த நேரத்திலதான் கிரவுண்டுக்கு இறங்கினனான்." மருந்துச் சீட்டை விட இந்தச் சொல்தான் என் மகனை அசைத்தது. ஜிம்மியை அவிழ்த்துவிடச் சொல்லி நச்சரித்தவன், அதற்குப் பிறகு தானே சங்கிலியைப் பிடித்தான். வைத்தியர் என்றால் இப்படித்தான் விளங்கப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது ஜிம்மி நாலு காலும் ஊன்றி நடக்கிறான், வேகமாகத் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் தயங்குகிறான்.

குறையும் உண்டு. எக்ஸ்ரே அங்கே இல்லை, வேறு இடத்தில் எடுக்க வேண்டும். எங்காவது பசு கன்று போட முடியாமல் நிற்கிறதென்று கோல் வந்தால், வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் புறப்படும் முன் கோல் எடுத்துக் கேளுங்கள். இருக்கக் கதிரையும் குறைவு, வேப்பமரத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும். பூனை கொண்டு போகிறவர்கள் மூடிய கூடையில் கொண்டு போங்கள், அங்கே எப்போதும் நாய்கள் நிற்கும்.